கரையில் நட்ட மண்வெட்டி

மண்வெட்டியை நட்ட பிறகு மெக்டெல்டுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் கரையில் சும்மா நின்றதே கிடையாது. மண் சுமக்கவோ, எலிவளை அடைக்கவோ, அரித்த இடத்தில் சுள்ளிகளைத் தட்டியாகப் பின்னிப் பதிக்கவோதான் அங்கே ஏறுவாள். இன்று கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேல்துணிக்குள் நுழைத்துக்கொண்டு நின்றாள்.

விடிந்ததும், கரைச்சபையார் பார்த்திருக்க, ஊருக்குப் போகும் பாதையோரமாகக் கரை உச்சியில் அதைக் குத்தி நிறுத்தியிருந்தாள். காலால் மிதித்து இறக்குகிற நீளப்பிடி மண்வெட்டி. மரச்செருப்புக் குதிகாலால் மிதித்து மிதித்து, இரும்பு முழுவதும் களிமண்ணுக்குள் போகும்வரை இறக்கினாள்.

"போதும்மா. நின்னாப் போதும், வேர் விடணும்னு இல்ல" என்று கரைத்தலைவர் ஹார்மன் சிரித்தார்.

அவள் இன்னும் ஒரு மிதி மிதித்தாள். பிறகு வீட்டுச் சாவியைப் பிடியில் மாட்டிவிட்டு விலகி நின்றாள்.

அதோடு வீடு அவளுடையதில்லை. மாடுகள், வைக்கோல், புருஷன் ஆரெண்ட் இறந்த கட்டில் எதுவும் அவளுடையதில்லை. ஐசல் ஆற்றங்கரையில் சர்ச் கட்டுவதற்கு முந்திய வழக்கம் அது. தன் பங்குக் கரையைக் காக்க முடியாதவர் மண்வெட்டியை நட்டுவிட்டு உடுத்திய துணியோடு போய்விடலாம். சொந்தக்காரரோ பக்கத்து நிலக்காரரோ, யார் அந்தப் பிடியில் கைவைக்கிறாரோ அவருக்கு நிலமும் கரையும். நட்டவரே திரும்பக் கைவைத்தால் எல்லாம் பழையபடி அவர் தலையில்தான். சந்தை முடிந்து மணி அடிக்கும்வரை ஒருவருமே தொடாவிட்டால்? அப்படி நடந்து உயிரோடிருப்பவர் யாரும் பார்த்ததில்லை. நிலம் என்றால் யாராவது கைநீட்டத்தான் செய்வார்கள். ஆனாலும் வழக்கம் அதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தது. கேட்பாரில்லாத கரையின் சுமையில் பாதி மற்ற நிலக்காரர்களுக்கு, பாதி ஓல்டவேர்ட் ஊருக்கு.

அந்தப் 'பாதி ஊருக்கு' என்பதற்காகத்தான் அவள் அத்தனை ஆழமாக மிதித்தாள்.

இலையுதிர்காலப் பெருஞ்சந்தை நாள். வெண்ணெய்ப் பானைகளும் கூண்டுக் கோழிகளும் தலையாட்டும் மாடுகளும் கரைப்பாதை வழியாக ஊர்வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மண்வெட்டி இருந்த இடம் வந்ததும் எல்லாரும் வண்டிச்சக்கரம் மறுபுறம் சரிவில் இறங்கினாலும் பரவாயில்லை என்று ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். கீழ்நாட்டிலிருந்து மாடு ஓட்டி வந்த ஒருவன் விஷயம் தெரியாமல் புகைக்குழாயைப் பற்றவைக்க அதன்மேல் சாயப் போனான். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தியதில் அவன் தீ மிதித்தவன் மாதிரி துள்ளிக் குதித்தான்.

"நீ வெளியூரு, உன்னை ஒண்ணும் பண்ணாது. ஆனாலும் எதுக்கு வம்பு?" என்றாள் வெண்ணெய்க்காரி க்ரீட். கரையோரம் பானைகளை இறக்கிவைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தாள் அவள். "மண்வெட்டின்னா நினைச்சே? பொண்டாட்டிப்பா அது. தொட்டுட்டா சாகற வரைக்கும் சோறு போடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். மெக்டெல்டுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தோற்றுப்போனவளின் முகத்தை வைத்துக்கொள்வது இத்தனை எளிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில், அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள். சந்தைச் சரக்கை நிறுத்துக் கூலி வாங்கும் எடைமண்டபத்துப் பெரியவர்கள் களிமண் வண்டிக்கு மாடு தேடி அலைவதை மனதில் ஓட்டிப் பார்த்தாள். அலுக்கவே இல்லை. வீடு போகிற துக்கத்தை அதன் பக்கத்தில் நிறுத்தி எது பெரியது என்று ஒருமுறை அளந்து பார்த்து, வந்த பதிலைக் கண்டு கொஞ்சம் பயந்தும் போனாள். இத்தனை கசப்பை எந்த வருஷத்திலிருந்து சேர்த்து வைத்தோம்?

மதியம் நகரமண்டபப் படியில் நின்று எழுத்தர் ஊரின் வரலாற்றை வாசிப்பார். பெருஞ்சந்தை அன்று அது உண்டு. சீமான் ஒருவர் சந்தை உரிமை கொடுத்தது, மதில் எழுந்தது, பாதி ஊர் எரிந்தது, பிரெஞ்சுப் படை வந்து தின்றுவிட்டுப் போனது எல்லாம் வரிசையாக வரும். கடைசியில், ஆறு மணல்மேடிட்டு விலகிப்போய்ச் சந்தை செத்துக்கிடந்த காலத்தில், ஆற்றின் மேல்போக்கில் கல்தடுப்பு போட்டு "ஆற்றைத் தன் வாசலுக்கே திரும்ப அழைத்துக்கொண்டது ஓல்டவேர்ட்" என்பார். அந்த இடத்தில் கைதட்டுவார்கள். சின்னப் பெண்ணாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து அவளும் தட்டியிருக்கிறாள். அப்பா தட்டமாட்டார் என்பது வளர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஊர் அழைத்த ஆறு ஊர்வாசலிலேயே நின்றுவிடவில்லை. படித்துறையைத் தழுவி வேகமெடுத்து, கீழ்வளைவில் நேராக வந்து அவர்கள் கரையில் மோதியது. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் மாடுகள் மேய்ந்த புல்வெளி வருஷா வருஷம் சுருங்கி, ஒரு வசந்தத்தில் காணாமலே போயிற்று. அதற்குப் பிறகு தண்ணீர் கரையின் காலையே நக்கியது. ரைன் பக்கத்திலிருந்து வைன் ஏற்றிவரும் ஒவ்வொரு படகும் படித்துறையில் இடிக்காமல் வந்து நிற்க, இங்கே ஒரு கூடை மண் போயிற்று. அப்பா கொட்டினார். பிறகு அவளும் ஆரெண்டும் கொட்டினார்கள். கொட்டிக் கொட்டி, ஒரு மார்ச் மழையில் நெஞ்சுச் சளியோடு படுத்த ஆரெண்ட் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பின்னும் அவள் கொட்டினாள். போன வாரம் கரையைப் பார்வையிட வந்தபோது ஹார்மன் குதிரையிலிருந்து இறங்காமலே கோலால் சுட்டிக்காட்டினார்: இது மொத்தமும் வெட்டி எடுத்துப் புதுசாக் கட்டணும், முதல் பனிக்கு முன்னாடி.

யாரால் முடியும்? இந்த நிலத்தில் இப்போது நிலத்தைவிடக் கரைதான் அதிகம். அதனால் யாரும் தொடமாட்டார்கள். அந்தக் கணக்கில் பிழையில்லை.

பக்கத்து நிலக்காரன் வெசெல் தன் கன்றை இழுத்துக்கொண்டு வந்து நின்றான். மண்வெட்டியை நேராகப் பார்க்கவில்லை.

"நீ பண்ணறது நியாயமாக்கா? ஊருக்குப் பாதின்னா மீதிப் பாதி எங்க தலையிலல்ல விழுது?"

"இருபது வீட்டுக்குப் பங்கு போட்டா ஆளுக்கு எவ்வளவு வரும் வெசெல்? மொத்தத்தையும் நான் ஒருத்தியா சுமந்தப்ப நீ நியாயம் கேக்கலியே."

"உன் பங்கு, நீ சுமந்தே."

"இப்ப என் பங்கு இல்ல. வேணும்னா பிடியில கையை வை. வீடும் சேர்த்து எடுத்துக்க. கூரைகூட ஒழுகாது."

வெசெல் கன்றின் கயிற்றை இரண்டாகச் சுற்றிக்கொண்டான், கை தவறிப் போய்விடக் கூடாது என்பதுபோல. க்ரீட் களுக்கென்று சிரித்தாள்.

அக்கரையில் ஒரு பண்ணையில் பால் கறக்க ஆள் கேட்டிருந்தார்கள். படுக்க மச்சில் இடம், ஞாயிற்றுக்கிழமை புதுத்துணி போட்டுக்கொள்ள அனுமதி. மணி அடித்ததும் படகேறிவிட வேண்டியதுதான். இந்த வயதில் அடுத்தவர் மாட்டின் மடியில் தலையை முட்டிக்கொண்டு உட்காரப் போகிறோம் என்று நினைத்தபோதுகூட அவளுக்குக் கலக்கம் வரவில்லை. யாருடைய கரையும் இல்லாமல் ஒரு மழையைக் கேட்டுக்கொண்டு தூங்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

வெயில் சாயத் தொடங்கியபோது அலெய்ட் வந்தாள்.

ஊர்வாசலைத் தாண்டி வரும்போதே அந்த நடை தெரிந்தது. தங்கையின் நடை, ஆனால் ஊர்ச் செருப்பு. கறுப்புப் பட்டு மேலங்கி, மடிப்புக் கலையாத வெள்ளைத் தலைத்துணி. அலெய்டின் புருஷன் லுபெர்ட் எடைமண்டபத்தின் தலைவர், ஊர்ச்சபையிலும் இருந்தார். அப்பா சொத்தைப் பிரித்தபோது மூத்தவளுக்கு நிலமும் கரையும், இளையவளுக்கு வெள்ளியும் துணிமணியும் என்று ஏற்பாடு. நிலம் அக்காவுக்குப் போயிற்றே என்று அன்றைக்கு அலெய்ட் அழுதாள்.

"சாப்பிட்டியா அக்கா?"

"அதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தே?"

"அவருதான் அனுப்பினாரு. அவரு சொல்லலேன்னாலும் வந்திருப்பேன்."

"உன் வீட்டுக்காரருக்கு இது வேணும்னா வந்து எடுத்துக்கச் சொல்லு. சொந்தக்காரங்களுக்குத்தான் முதல் உரிமை."

"எடைமண்டபத்தை விட்டுட்டு வந்து அவரு மண்ணு சுமப்பாரா?"

"ஏன், மண்ணு கடிக்குமா?"

அலெய்ட் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? அடுத்த வருஷம் எடைக்கூலி ஏறினா அது உன்னாலதானாம். என் முகத்தைப் பார்த்தே சொல்றாங்க. சர்ச்ல என் பெஞ்சுல இனிமே ஒருத்தி உக்கார மாட்டா."

"தாராளமா காலை நீட்டிக்கலாமே."

"கிண்டல் பண்ணாதே. நான் வாழற ஊரு அது. உனக்கு அக்கரைக்குப் போயிட்டாத் தீந்துது. தெனம் அவங்க நடுவுல நடக்கப் போறது நான்." அவள் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "எடுத்துடு அக்கா. சபையில பேசி உடைகல்லு அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு."

"போன வருஷமும் சொன்னாரு. அதுக்கு முந்தியும் சொன்னாரு. அந்த வாக்கையெல்லாம் கொண்டாந்து கொட்டியிருந்தாலே கரை ரெண்டு ஆள் உசரம் ஏறியிருக்கும்."

"அப்படி என்னதான் அரிச்சுப்போச்சு? அரிக்காத கரை எங்க இருக்கு?"

"நீ கடைசியா எப்ப வந்து பார்த்தே?"

அலெய்ட் கடைசியாக அப்பாவின் சாவுக்கு வந்தவள், அன்றைக்கும் வாசலோடு திரும்பிவிட்டாள். இப்போது வீம்பாகப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றுப்பக்க விளிம்புக்கு நடந்தாள்.

"அங்க போகாதே. மேல புல்லு மட்டுந்தான், அடியில ஒண்ணுமில்ல."

"எனக்குச் சொல்லித் தர்றியா? நானும் இங்கதான் பொறந்தேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். முதுகு அசையாமல் நின்றது. கரையின் வயிறு குடைந்து போயிருந்ததை, கீழே தண்ணீர் சுழித்து உள்ளே போய் வெளியே வருவதை அவள் பார்க்கிறாள் என்று மெக்டெல்டுக்குத் தெரிந்தது. அந்தக் கணத்தில் அவளுக்குத் தங்கைமேல் ஒரு பழைய பாசம்கூடச் சுரந்தது. பார், நன்றாகப் பார்.

புல்தரை ஓசையில்லாமல் மடங்கியது.

அலெய்ட் கத்தக்கூட இல்லை. ஒரு காலும் இடுப்பும் உள்ளே போய், மார்பு புல்லில் மோதி, விரல்கள் பிராண்டிக்கொண்டே பின்னால் போயின. மெக்டெல்ட் எப்போது நகர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு கை தங்கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஈரப் புல்லில் மரச்செருப்பு வழுக்க, தானும் பின்தொடர்ந்து போகப்போகிறோம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட, மற்றக் கை பற்றிக்கொள்ள எதையோ தேடிப் பற்றியது. அந்த மொட்டைக் கரை உச்சியில் பற்றிக்கொள்ள ஒன்றுதான் இருந்தது. ஆழமாக இறங்கியிருந்ததால் அசையாமல் இருவரையும் தாங்கியது. சாவி மட்டும் கணகணவென்று ஆடியது.

இழுத்து மேலே போட்டாள். இருவரும் புல்லில் கிடந்து மூச்சு வாங்கினார்கள். சுற்றிலும் சந்தைச் சத்தமே இல்லை.

"கை வெச்சுட்டா" என்றது ஒரு குரல். பிறகு பல குரல்கள். "பிடியில கை வெச்சுட்டா!"

மெக்டெல்ட் தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் அங்கேதான் இருந்தது. சுட்டதுபோல எடுத்தாள்.

மதிலோரம் பீர் குடித்துக்கொண்டிருந்த ஹார்மன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவருடன் இரண்டு சபையார்கள். கூட்டம் வழிவிட்டது. அவர் மண்வெட்டியையும் சகோதரிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உயிர் ஆபத்துல தொட்டா அது தொட்டதாகாது" என்றார் நிதானமாக. "அதுவும் வழக்கத்துல இருக்கு. ஆனா சாட்சி வேணும். அலெய்டம்மா, நீங்க சொல்லுங்க. ஆத்துல விழப் போனீங்களா?"

அலெய்ட் எழுந்து நின்றாள். தலைத்துணி கழன்று தோளில் கிடந்தது. அவள் ஊர்வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே, வாசல் வளைவின் நிழலில், லுபெர்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வரவும் இல்லை, போகவும் இல்லை.

மெக்டெல்ட் காத்திருந்தாள். அப்போது அவளுக்குக் கோபமோ பயமோ இல்லை. சின்ன வயதில் பாதிரியார் கேள்வி கேட்கும்போது தங்கை பதிலை மறந்துவிடுவாளோ என்று பக்கத்தில் நின்று தான் உதட்டை அசைப்பாளே, அதே பதற்றம்தான் இருந்தது. சொல்லு அலெய்ட். ஒரே வார்த்தை.

"இல்ல" என்றாள் அலெய்ட். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் விழல. பேசிட்டிருந்தோம். அக்காவுக்கு மனசு மாறிப்போச்சு. அப்பா நிலமாச்சேன்னு அவளா போய்க் கையை வெச்சா."

"அடி ஆத்தே!" என்றாள் க்ரீட். "இடுப்பு வரைக்கும் சேறு வழியுது, விழலியாமே!"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"நீ வாயை மூடு க்ரீட்" என்றான் வெசெல். "உன் வீட்டுக்காரனுக்கும் கீழ்க்கரையில நிலமிருக்கு. ஞாபகமிருக்கட்டும்."

க்ரீட் குனிந்து, சரியாகவே இருந்த பானையின் மூடித்துணியைச் சரிசெய்தாள்.

"வெசெல்," என்றாள் மெக்டெல்ட். "நீ இங்கதான நின்னே."

"நான் கன்னுக்குட்டியைப் பார்த்துட்டிருந்தேன் அக்கா."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் முகத்திலும் பகை இல்லை. அதுதான் அவளைத் திணறடித்தது. பெருமழை வருமென்று பயந்து, மேகம் கலைந்து போனதைப் பார்த்த முகங்களாக இருந்தன எல்லாம். சிலர் அவளைப் பார்த்து ஆறுதலாகத் தலையைக்கூட அசைத்தார்கள்.

"அப்ப முடிஞ்சுது" என்றார் ஹார்மன். அவர் குரலிலும் நிம்மதி. "முதல் பனிக்கு முன்னாடி வேலை முடியணும்மா. வந்து பார்ப்போம்."

"முடியலேன்னா மறுபடி நட்டுட்டுப் போறேன்."

"எப்படி? திரும்ப எடுத்தவங்க ரெண்டாந்தரம் நடக்கூடாது." குழந்தைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "முடியலேன்னா நாங்க ஆள் வெச்சுச் செய்வோம். செலவுக்கு மாடு, அப்புறம் வீடு. நெலத்தை மட்டும் உங்ககிட்டேயே விட்டுடுவோம். நெலம் இருக்கற வரைக்கும் கரையும் உங்களுதுதான்."

ஊருக்குள் மணி அடித்தது. கூட்டம் கலைந்தது. வண்டிகள் இப்போது ஒதுங்கவில்லை, பாதையின் நடுவிலேயே நேராகப் போயின. அக்கரைக்குப் போகும் படகுக்காரன் இரண்டு முறை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுத் கழியை ஊன்றிப் படகை எடுத்தான்.

அலெய்ட் மட்டும் நின்றாள். சேற்றுப் பாவாடையைக் கைகளால் ஒற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னாள். "உனக்குன்னு ஒரு வீடாவது இருக்கும் அக்கா. அக்கரையில யாரு வீட்டுத் தொழுவத்துலயோ கிடக்கறதுக்கு..."

தான் சொல்வதை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள் என்பதை மெக்டெல்ட் கண்டாள். இன்று இரவு படுக்கைக்குப் போவதற்குள் முழுதாக நம்பிவிடுவாள். நாளை சர்ச்சில் யாராவது பக்கத்தில் வந்து உட்காரும்போது அதுவே உண்மையாகிவிடும். அடுத்த வருஷம் எழுத்தர் வரலாறு வாசிக்கையில் அலெய்ட் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டுவாள்.

"கையை விட்டிருக்கலாம்" என்றாள் மெக்டெல்ட்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல. போ. இருட்டறதுக்குள்ள போ."

கையை விட்டிருக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அது நல்ல குணமோ பாசமோ என்று தன்னைத் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை. நடந்ததில் அவள் மனசுக்கு வேலையே இருக்கவில்லை. சரிகிறதைப் பிடி என்று பழக்கப்பட்ட ஒரு கை, அவ்வளவுதான். அந்தக் கையை நம்பித்தான் இந்த ஊர் இத்தனை காலமாகச் சந்தை நடத்தியிருக்கிறது.

அலெய்ட் போன பிறகு மண்வெட்டியைப் பிடுங்கினாள். ஒரே இழுப்பில் வரவில்லை. அப்படியும் இப்படியும் ஆட்டி, முழங்காலை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்தபோது உறிஞ்சும் ஒலியோடு வெளியே வந்தது. அதன் இடத்தில் ஒடுக்கமாக, ஆழமாக ஒரு பிளவு. அடியில் கறுப்பாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து போய்விட வேண்டும் என்றுதான் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து, பக்கத்திலிருந்து ஒரு கட்டிக் களிமண் வெட்டி, அந்தப் பிளவுக்குள் திணித்து, குதிகாலால் மிதிக்கத் தொடங்கினாள்.